சுண்ணாம்புக் கலயம்

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூச அவனிடம் இருப்பது ஒரு பாளைத் துண்டு. காய்ந்த பனம்பாளையின் நுனியைக் கல்லில் வைத்து நசுக்கி, நார் நாராகப் பிரித்து வைத்திருக்கிறான். அதைச் சுண்ணாம்புக் குழம்பில் தோய்த்து, இடது கையில் கலயத்தைச் சுழற்றியபடி உள்ளே ஒரு சுற்று விடுகிறான். பாளைத் துண்டு அசைவதில்லை, கலயம்தான் சுற்றுகிறது. குயவர் சக்கரத்தில் அது எந்தச் சுழற்சியில் பிறந்ததோ அதே சுழற்சி. பூசி முடித்ததைத் தரையில் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுக்கிறான்.

விடியற்காலை ஐந்தே கால். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் இன்னும் மணி அடிக்கவில்லை. அகரம்தென் போகும் சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையின் முனையில், கூரை போன நிழற்குடை ஒன்றின் சிமென்ட் திண்ணை மட்டும் மிச்சம் இருக்கிறது. நடை முடிந்து நான் உட்காருவது அங்கேதான். மூன்று பங்குனிகளாக உட்காருகிறேன். அவனிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு விரலைக் காட்டினால் ஒரு பட்டை ஊற்றுவான். குடித்து, காசைக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குத் திரும்பிவிடுவேன். பேச்சுக் கொடுத்தால் அந்தக் கை நின்றுவிடுமோ என்று தோன்றும். அது நிற்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை. இடுப்பில் ஒரு கம்பெனி அடையாள அட்டை நாடா. சலவையில் பெயர் வெளுத்துப் போயிருக்கிறது. அட்டை இருந்த கொக்கியில் இப்போது சின்னச் சுண்ணாம்பு டப்பா தொங்குகிறது. ஒரகடம் பக்கம் நாலு வருஷம் ஷிப்டுக்குப் போனவன் என்று அவன் அம்மா பக்கத்து மனைக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "தூக்கமே இல்லாம வருவான். இப்பவும் தூக்கமில்லதான், ஆனா மொகம் தெளிஞ்சிருக்கு பாரு" என்றார்.

வரப்போரம் ஒன்பது பனைகள். தாத்தா கையால் கொட்டை ஊன்றியவையாம். ஆறு ஆண் பனை, மூன்று பெண் பனை. பூவெடுக்கும்வரை பனை தன்னை ஆணா பெண்ணா என்று காட்டாது. அதற்கே பன்னிரண்டு, பதினைந்து வருஷம், சில மரங்களுக்கு அதற்கும் மேலே ஆகும். கொட்டை போட்டவர் பாளையைப் பார்க்கிறாரோ இல்லையோ, மகன் பார்ப்பான், பேரன் ஏறுவான். இந்த ஒன்பதும் அப்படித்தான் மூன்றாம் தலைமுறைக் கைக்கு வந்திருக்கின்றன. உரம் கிடையாது, மருந்து கிடையாது, தண்ணீர்கூட யாரும் பாய்ச்சுவதில்லை. கழித்த மட்டையும் பன்னாடையும் அடியிலேயே மக்குகின்றன. அந்த மக்கில் மழைக்காலத்தில் குப்பைமேனியும் கீழாநெல்லியும் முளைக்கும். அவற்றை அவன் பிடுங்குவதில்லை.

ஏறும்போது அவனைப் பார்ப்பதைவிட மரத்தைப் பார்க்க வேண்டும். கால் தளை பட்டையில் பதியும் இடத்தில் வழவழவென்று ஒரு தடம் இருக்கிறது. அறுபது எழுபது வருஷம் மூன்று பேரின் பாதம் தேய்த்த தடம். அவன் அந்தத் தடத்தை விட்டு விலகுவதே இல்லை. இரண்டு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, உடம்பை மேலே இழுத்து, தளையிட்ட கால்களைச் சேர்த்து மடக்கி, மறுபடி கை. நெஞ்சில் ஒரு தோல் கட்டியிருக்கிறான். முதுகுப் பக்கம் அரிவாள் பெட்டி. அடி மரம் பருத்திருப்பதால் முதல் பத்தடிதான் கடினம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. உச்சியில், கருக்குமட்டைகளுக்கு நடுவே உடம்பை நுழைக்கும் கணம்தான் கடினம். அந்தக் கருக்கு இரும்பு ரம்பம் மாதிரி. கீழிருந்து பார்த்தால் மட்டைகள் அவனை விழுங்கிவிட்டது போலிருக்கும். பிறகு ஒரு கால் மட்டும் மட்டையின் மேல் தெரியும். அதன் பிறகு சத்தம் மட்டும்.

இந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் அப்பா வருகிறார்.

பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மரத்தடியிலேயே கிடக்கிறது. இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அதில் உட்காருவார். மேலே பார்க்கமாட்டார். கழுத்து தூக்க வராதோ, பார்க்கப் பிடிக்கவில்லையோ, தெரியாது. கண்ணை மூடிக்கொள்வார். மேலிருந்து சரக், சரக் என்று பாளை சீவும் ஓசை இறங்கும்.

"கனமா எடுக்குற."

"இல்ல நைனா."

"எடுக்குற. சத்தம் கேக்குது பாரு. வெங்காயத் தோல் மாதிரி வரணும்."

கொஞ்ச நேரம் ஓசை நிற்கும். மறுபடி தொடங்கும்போது எனக்கே வித்தியாசம் தெரியும். சரக் போய் சிர்ர் என்றிருக்கும். அவர் தலை ஒருமுறை அசையும்.

கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மெல்லச் சீவினால் ஒரு பாளை பல வாரம் வடியும். ஆண் பனையில் கதிர்களை ஒன்றாகக் கட்டி, இரண்டு கட்டைகளைச் சேர்த்த இடுக்கியால் நாள்தோறும் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் பிறகுதான் நுனி சீவுவார்கள். பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சர்க்கரையை மரம் அந்த வெட்டுவாய் வழியாக விடும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டு காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே தை மாசியில் தொடங்கி ஆனி வரைக்கும் இவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காய்ச்சல் கிடையாது, அக்கா வீட்டுக் காதுகுத்து கிடையாது. காலையில் ஒன்பது மரம், மாலையில் அதே ஒன்பது மரம். ஒரு நாளைக்குப் பதினெட்டு ஏற்றம், பதினெட்டு இறக்கம்.

கீழே வந்த கலயங்களைப் பன்னாடையில் வடிகட்டுகிறான். மட்டையின் அடியில் பனையே நெய்து வைத்த வலைத்துணி அது. அதைவிட நல்ல சல்லடை எனக்குத் தெரியாது. தேனீக்கள், எறும்புகள், ஒரு நாள் சிறிய அந்துப்பூச்சி ஒன்று என எல்லாம் அதில் நின்றுவிடும். மயங்கிக் கிடக்கும் தேனீயைத் தட்டிவிடாமல் விரல் நுனியில் எடுத்து வேலி எருக்கஞ்செடியில் வைக்கிறான். சில பறந்துவிடுகின்றன.

பனை விடும் சாறு அப்படியே தேன் போல இனிப்பு. நூறு பங்கில் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. அதைத் தின்பதற்கு ஈஸ்ட் எங்கிருந்தும் வரவழைக்க வேண்டாம். வெட்டிய பாளையின் மேல் இருக்கிறது, காற்றில் இருக்கிறது, தேனீயின் காலில் இருக்கிறது, பழைய மண்கலயத்தின் நுண்துளைகளில் குடும்பத்தோடு குடியிருக்கிறது. முதல் சொட்டு கலயத்தில் விழுந்ததுமே வேலையைத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். சில மணி நேரத்தில் புளிப்பும் நுரையும், பொழுது சாய்வதற்குள் கள், மறுநாள் விட்டால் காடி. மனிதன் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும், மரத்தின் உச்சியில் மது தானாகத் தயாராகிவிடும். அதைத் தடுப்பது கலயத்தின் உள்ளே பூசிய அந்த வெள்ளைப் பூச்சு ஒன்றுதான். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டையும் நுண்ணுயிர்களையும் வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. அடக்கப்பட்ட சாற்றுக்குப் பெயர் பதநீர். அடக்காததற்குப் பெயர் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம்.

சுண்ணாம்பிலும் அளவு இருக்கிறது. குறைந்தால் எட்டு மணிக்கே புளிக்கும். கூடினால் நாக்கு பொத்துப்போகும். தூள் சுண்ணாம்பு வாங்குவதில்லை அவன். கிளிஞ்சல் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, ஒரு மண்சட்டியில் ஊறிக்கொண்டே இருக்கும். மழை வரும்போல் காற்று கனத்த நாட்களில் கொஞ்சம் கூட்டுகிறான், பனி விழும் மாசிக் காலையில் குறைக்கிறான். இதற்கு அவனிடம் கரண்டியோ தராசோ கிடையாது. பாளைத் துண்டைச் சட்டியில் எவ்வளவு ஆழம் விடுகிறான் என்பதுதான் கணக்கு.

*

ஆறே முக்காலுக்கு எக்ஸெல் வண்டியில் இரண்டு அலுமினியக் கேன்கள் ஏறும். கேனின் மேல் ஈரச் சாக்கு. நான் ஏழரை மணி மின்ரயிலுக்குப் போகும்போது கிழக்குத் தாம்பரத்தில் அவனை மறுபடி பார்ப்பேன். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் பனையுமாக இருந்திருக்கும். இப்போது படிக்கட்டுகளில் இறங்கும் கூட்டம் அவன் வண்டியை உரசிக்கொண்டு போகிறது. மட்டையில் பிளந்த ஒரு குச்சியில் பணம் அனுப்பும் அட்டை செருகியிருக்கிறது. பக்கத்தில் பசுமையாக மடித்த ஓலைப் பட்டைகள். ஓலையில் ஊற்றிக் குடிக்கும்போது பதநீரோடு ஒரு பச்சை வாசமும் வரும். கண்ணாடி டம்ளரில் அது வராது. டம்ளர் கேட்பவர்களுக்கு அவன் மறுப்புச் சொல்வதில்லை. ஆனால் முதலில் பட்டையைத்தான் நீட்டுகிறான்.

"ப்ரோ, சுகர் ஆட் பண்ணியிருக்கா?"

"இல்லண்ணா. மரத்துச் சுகர்தான்."

"ஐஸ் இல்லயா?"

"ஐஸ் போட்டா வாசம் செத்துரும்ணா."

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வரும் வயதானவர்கள் சிலர் அவனுக்கு வாடிக்கை. மருந்துச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டே ஒரு ஆயா கேட்டார், "ஏங் கண்ணு, நேத்து சுண்ணாம்பு தூக்கலாப் போச்சே?" அவன் மறுக்கவில்லை. "ஆமா ஆயா, ராத்திரி காத்து ஒரு மாதிரி இருந்துச்சு. பயந்து போட்டுட்டேன்." நேற்றைக்கு வாங்கிய காசுக்கு இன்று ஒரு பட்டை சும்மா ஊற்றினான். ஆயா குடித்துவிட்டு, இன்றைக்குச் சரியாக இருக்கிறது என்பதைப் புருவத்தால் சொன்னார்.

இவன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. கருநீலக் குவியலாகப் பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இரவு லாரியில் வந்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று அந்தப் பக்கத்து ஊர்களில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலாகப் படரவிட்டு வளர்க்கிறார்கள். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த ரகம் என்று சொல்வார்கள். வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால் அங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். குளிர்நாட்டுத் திராட்சைக்கு இந்த வரம் கிடையாது.

அந்தத் திராட்சையின் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன் ஒரு நாள். மேலே மெல்லிய சாம்பல் பூத்திருந்தது, விரல் பட்டால் அழியும். அந்தத் தோலிலும் தோட்டத்துக் காற்றிலும் பழத்தை மதுவாக்கும் உயிர்கள் இருக்கின்றன. ஜார்ஜியாவில் முட்டை வடிவப் பெரிய மண்சாடிகளை நிலத்தில் கழுத்துவரை புதைத்து, நசுக்கிய திராட்சையை அதில் விட்டு, வெளி ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் நொதிக்க வைப்பார்கள். க்வெவ்ரி என்று அந்தச் சாடிக்குப் பெயர். அந்த முறையை யுனெஸ்கோ 2013-இல் மானுட மரபாக ஏற்றுக்கொண்டது. பிரான்சில் இத்தாலியில் எல்லாம் இப்போது இளைஞர்கள் பலர் தாத்தாவின் தோட்டத்துக்குத் திரும்பி, மருந்தடிக்காமல், கந்தகம் சேர்க்காமல் ஒயின் செய்வதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கந்தகப் புகை அவர்கள் ஊரில் நுண்ணுயிரை அடக்குவதற்கு. நம் ஊரில் அதே வேலைக்குச் சுண்ணாம்பு. அவர்கள் சாடி மண்ணுக்குள். நம்முடையது அறுபதடி உயரத்தில், காற்றில். அவர்களுக்கு நொதிக்க விடுவது கலை. எனக்கு எதிரே ஈரச் சாக்கைத் திருத்திக்கொண்டு நிற்கும் இந்தப் பையனுக்கு நொதிக்க விடாமல் வைத்திருப்பது கலை. தாத்தா மரத்துக்குத் திரும்பியதில் மட்டும் அவர்களும் இவனும் ஒன்று.

தினமும் ஒருவராவது வண்டியை நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "தம்பி, புளிச்சது இருக்கா?" என்று கேட்பார். வேட்டி கட்டியவர் கேட்பார், கணினிப் பை மாட்டியவர் கேட்பார். சிலர் விளையாட்டாக, சிலர் உண்மையான தாகத்தோடு. அவன் பதில் மாறுவதேயில்லை. "சுண்ணாம்பு போட்டதுதான்ணா." வெடுக்கென்று சொல்வதில்லை, மன்னிப்புக் கேட்பதுமில்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வது மாதிரி.

*

மதராஸ் மதுவிலக்குச் சட்டம் 1937-இல் வந்தது. இடையிடையே விலக்கைத் தளர்த்தினார்கள், மறுபடி இறுக்கினார்கள். 1981-இல் கள்ளுக்கடைகள் திறந்தன. 1987-இல் மூடின. அதன் பிறகு தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். பக்கத்தில் கேரளத்தில் உரிமக் கடைகளில் கள் விற்கிறது. இங்கே அரசுக் கடைகளில் சீசாவில் அடைத்த சாராய வகைகள் விற்கின்றன. மரத்திலிருந்து வருவது மட்டும் கூடாது. இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். குடியினால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன், என் தெருவிலேயே பார்க்கிறேன். அந்த வீடுகளின் வாசலில் கிடந்தவை சீசாக்கள். கலயம் ஒன்றுகூட அங்கே கிடந்து பார்த்ததில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டிலும் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தத் தடையோடு ஏறுகிற கால்களும் மரத்தைவிட்டு இறங்கிவிட்டன. பதநீரையும் கருப்பட்டியையும் நுங்கையும் யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் ஊருக்கு ஒருவர், இருவர் என்று மரமேறிகள் குறைந்து, ஏறாத மரம் விறகு விலைக்குப் போனது. செங்கல் சூளைகள் பனையைத் தின்றன. மனைப்பிரிவுக்காரர்களுக்கு வரப்பில் நிற்கும் பனை ஓர் இடைஞ்சல்.

நைனா இதையெல்லாம் பேசி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை, அவர் வயதுக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தடியில் குந்தியிருந்தார். இருவரும் வெகுநேரம் சும்மா இருந்தார்கள். பிறகு நைனா கையை நீட்டிக் கடைசி மரத்தைக் காட்டினார்.

"எண்பத்தாறுல இது ராவுக்கு ரெண்டு கலயம் நெறையும். கோயில் மணிக்கு முன்னாடி எறக்கினாத்தான் ருசி. வெய்யில் பட்டா அது வேற."

"கடைசி வருசம் இல்ல அது?"

"கடைசின்னு அப்பத் தெரியல."

வந்தவர் பீடியைப் பற்றவைத்தார். அவ்வளவுதான் பேச்சு.

1978-இல் பனையை மாநில மரமாக்கினார்கள். 2021-இல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் கொடுப்பதாகச் சொன்னார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். ஏரிக்கரைகளில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று விதை ஊன்றியதை நானே பார்த்தேன்; மனசு நிறைந்த காட்சி அது. அன்று ஊன்றிய கொட்டை பாளைவிட எப்படியும் 2035 ஆகும். அப்போது ஏறுவதற்கு யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இந்த மண்பாதையில் எனக்குத் தெரிந்து ஒருவன் இருக்கிறான்.

பத்து மணிக்கு மேல் அவன் என்ன செய்வான் என்பது விடுமுறை நாட்களில்தான் எனக்குத் தெரியும். விற்காமல் மிஞ்சியதையும் முந்திய மாலை இறக்கியதையும் அம்மா அகலச் சட்டியில் காய்ச்சுவார். அடுப்புக்குப் பனம்பாளையும் மட்டையும்தான். ஏழெட்டு லிட்டர் காய்ந்தால் ஒரு கிலோ வெல்லம். முதலில் வெள்ளை நுரை கிளம்பும். பிறகு மஞ்சள். பிறகு ஒரு செம்பழுப்பு. அந்த நிறம் வந்ததும் கரண்டியை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுவார். உருண்டால் பதம். அந்த வாசம் அகரம்தென் சாலை வரை வரும். பேருந்து கண்டக்டர் ஒருமுறை படியில் நின்று மூச்சை இழுத்ததைப் பார்த்தேன்.

அந்நேரம் பையன் மரத்தடியில் படுத்துத் தூங்குவான். முகத்தின் மேல் துண்டு. மேலே தூக்கணாங்குருவிக் கூடுகள் மட்டையில் ஆடும். விமானப்படைத் தளத்தின் ஹெலிகாப்டர் ஏரிமேல் தாழப் பறந்து போனாலும் அவன் அசைவதில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து நைனா இருமினால் எழுந்துவிடுவான்.

வரப்பைத் தாண்டிக் கிழக்கே முன்பு நெல் வயல். இப்போது மஞ்சள் கற்கள் நட்டு, தார் ரோடு போட்டு, வளைவு கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்து வரப்பிலும் பனை நின்றது. போன ஆவணியில் ஒரு காலை வந்தபோது நாலு அடிமரங்கள் மட்டும் தரைமட்டத்தில் வட்டமாகத் தெரிந்தன. யார் வெட்டினார்கள், அனுமதி இருந்ததா, எனக்குத் தெரியாது. அவன் அந்த வட்டங்களின் நடுவே போய் நின்றான். குனிந்து ஒரு வெட்டுவாயைத் தொட்டான். கருப்பும் வெள்ளையுமாக நார் நாராக இருந்தது. ஓரத்தில் இன்னும் ஈரம். அன்று மாலை அந்த நாலு மரத்தடியிலும் கிடந்த பனம்பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனான். ஐப்பசி மழையில் ஏரிக்கரைச் சரிவில், பத்தடிக்கு ஒன்றாக, சின்னச் சின்ன மண்மேடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் அடையாளத்துக்கு ஒரு ஓட்டாஞ்சில்லு. உடைந்த கலயத்தின் சில்லுகள் அவை. உட்பக்கம் வெள்ளையாக இருந்தன.

*

சித்திரை பிறந்து மூன்றாம் நாள் மாலை வானம் வண்டலூர் மலைப் பக்கம் கறுத்து வந்தது. கோடைமழைக்கு முன் அடிக்கும் புழுதிக் காற்று. எட்டு மரம் முடித்திருந்தான். கடைசி மரத்துக்கு ஓடினான், கலயம் எடுத்து மாட்டினான், ஏறினான். மட்டைகள் அவனை இரண்டு பக்கமும் அறைவது கீழே கேட்டது.

"எறங்குடா, எறங்கு. மரம் எங்கயும் போவாது" என்று நைனா கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். மகன் இறங்கி அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு போவதற்கும் பெரிய துளிகள் விழுவதற்கும் சரியாக இருந்தது. கால் மணி நேரத்தில் மழை ஓய்ந்துவிட்டது. தரையில் கவிழ்த்திருந்த கலயங்களில் பூசியது எது, பூசாதது எது என்று அந்தக் கருக்கலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் விடியலில், கடைசி மரத்திலிருந்து இறங்கியவன் வழக்கம் போலக் கேனை நோக்கி வரவில்லை. மரத்தடியிலேயே நின்றான். கலயத்தின் வாயில் வெள்ளை நுரை. விளிம்பைத் தாண்டி வழிந்து வெளிப்புறம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அவன் அதைக் காதருகே கொண்டுபோனான். நுரை பொரியும் ஓசை திண்ணை வரை வராது. அவன் தலை சாய்ந்திருந்த விதத்தில் அது எனக்கும் கேட்டது.

காற்று நாற்காலிப் பக்கம் வீசியது. மூடியிருந்த நைனாவின் கண்கள் திறந்தன.

"கடைசி மரமா?"

"ஆமா நைனா. அவசரத்துல பூசாதத மாட்டிட்டேன்."

"கொண்டா இங்க."

கலயத்தை இரு கைகளாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். நுரையில் சின்னக் கண்கள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில் நுரை நின்றது. நாக்குக்குக் கொண்டுபோகவில்லை. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அது ஒவ்வொரு கண்ணாக உடைந்து அடங்கி விரல் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் நின்றான். கோயில் மணி அடித்தது.

"ஊத்திடு."

அவன் கலயத்தை எடுத்துக்கொண்டு கடைசி மரத்துக்கே போனான். வேரைச் சுற்றி, வட்டமாக, மெல்ல ஊற்றினான். நேற்றைய மழையில் குளிர்ந்திருந்த மண் அதைக் குடித்தது. எறும்புகள் வருவதற்கு முன்பே தேனீக்கள் வந்துவிட்டன.

பிறகு கலயத்தை வைக்கோல் போட்டுத் தேய்த்துக் கழுவினான். தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தான். சட்டிக்குள் பாளைத் துண்டைத் தோய்த்தான். இடது கையில் கலயம் சுழன்றது. அன்று அதற்கு மட்டும் இரண்டு சுற்று.